நீர் எடுக்கும் பாடம்

போன வாரம் கம்பம் ஊரில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஏலத்தோட்ட வேலைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று எனக்கு நேர் முன்னால் வந்து நின்றது. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்பது அதைச் செய்தவனுக்குத் தெரியாது, எங்கள் ஊர் டிரைவருக்குத்தான் தெரியும். இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஈரத் தார்ப்பாயும் பச்சை ஏலக்காயும் கலந்த வாசனை என் டீக்கிளாஸ் வரைக்கும் வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் அந்த வாசனை வந்தால் மலை ஞாபகம் வரும். எனக்குக் கடல் ஞாபகம் வரும். இதை வீட்டில் சொன்னால் என் மனைவி, எதையாவது கோணலாகச் சொல்லாவிட்டால் உங்களுக்குச் சோறு செரிக்காது என்பாள். நீங்களாவது கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை கடற்கரையில். ஒரு துறைமுக ஊரில், உப்பு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து, கடல்சார் அருங்காட்சியகம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். வாசலில் துருப்பிடித்த நங்கூரம். உள்ளே திமிங்கலத்தின் விலா எலும்புகள், கப்பல் மணி, திசைகாட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் பாய்மரக் கப்பல்களின் மாதிரிகள். எவ்வளவு வெள்ளையடித்தாலும் சுவரிலிருந்து உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்புறம் கடலுக்குள் நீட்டிக் கட்டிய ஒரு சிறிய கல் துறை உண்டு. ஒரு காலத்தில் உப்பு மூட்டைகளைத் தோணியில் ஏற்றிய இடம். அங்கே எனக்குக் கல்வி உதவியாளர் என்ற பதவி. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கடல் அறிவியலும் கடல் வரலாறும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் உத்தமபாளையத்துக்காரன். எனக்கு அன்றைக்கும் நீச்சல் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. முல்லையாற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்ததோடு சரி. முதல் வாரம் வந்தவர்கள் எல்லாம் அந்த ஊர் மீனவப் பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் நின்று நான் அலை எப்படி உண்டாகிறது என்று விளக்கியதைவிடப் பெரிய கொல்லத் தெரு ஊசி வியாபாரம் இந்த உலகத்தில் நடந்திருக்காது. ஒரு பெண் மிகவும் மரியாதையாகக் கையைத் தூக்கி, சார் கடலுக்குள்ளே போயிருக்கீங்களா என்று கேட்டாள். நான் திமிங்கல எலும்பின் பக்கம் பேச்சைத் திருப்பினேன்.

அங்கே எனக்குப் பிடித்த பாடம் மோப்பப் பெட்டி. மூடியில் துளையிட்ட மரப்பெட்டிகளை வரிசையாக வைத்திருப்போம். ஒன்றில் தார் பூசிய கயிறு, ஒன்றில் கருவாடு, ஒன்றில் கொப்பரை, ஒன்றில் மிளகு, ஒன்றில் ஏலக்காய். கண்ணை மூடி முகர்ந்து, எந்தக் கப்பல் எதை ஏற்றிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டும். கடற்கரைப் பிள்ளைகள் கருவாட்டுப் பெட்டியில் மீனின் பெயரையே சொல்லிவிடுவார்கள். ஏலக்காய்ப் பெட்டிக்கு வந்ததும், கிறிஸ்துமஸ் பாயசம் என்று கத்துவார்கள். அந்தப் பெட்டியைத் திறந்து காய் மாற்றும்போதெல்லாம் எனக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். மலையின் வாசனையை நான் கடலோரத்தில் உட்கார்ந்து முகர்ந்த கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

காப்பாட்சியராக இருந்தவர் ரெஜினா மேடம். அந்த ஊர்க் கடற்கரைத் தெருவில் பிறந்தவர். மெல்லிய உடம்பு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு, பேச்சில் சிக்கனம். அவர் அங்கே வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. பிள்ளைகள் கடலைப் பார்க்கலாம், அளக்கலாம், படம் வரையலாம், துறையின் படிக்கட்டில் ஒரு கால்கூட வைக்கக் கூடாது. படிகள் பாசி பிடித்தவை. அதைவிட முக்கியமான காரணம், அவருடைய அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடம்பும் கிடைக்கவில்லை. இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசமாட்டோம்.

இரண்டாம் வருஷம் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது. கடலையே தினம் பார்க்கிற பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவதில் என்ன இருக்கிறது, எங்கள் பள்ளத்தாக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வந்து ஒரு ராத்திரி தங்கவைத்துச் சொல்லிக்கொடுப்போம் என்று மேடத்திடம் கேட்டேன். முதல் நாள் வரலாறும், கடல் ஏறி இறங்கும் ஓதமும், மறுநாள் காலையில் சாப்பாடு முடித்து ஊருக்கு வண்டி. அவர், உங்க ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடலைப் பார்த்தால் பயம் இருக்காது, அதுதான் பயமாக இருக்கிறது என்றார். ஒரே ஒரு பள்ளியை வைத்துப் பார்ப்போம், ஏதாவது ஆனால் இதோடு சரி என்று முடித்துக்கொண்டார். நான் கோம்பைப் பக்கத்து நடுநிலைப்பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே அறிவியல் எடுத்த ஆரோக்கியமேரி டீச்சர் எனக்குத் தூரத்துப் பழக்கம்.

டீச்சர் ஒத்துக்கொண்டார், ஆனால் தேதியை மாற்றச் சொன்னார். அமாவாசையை ஒட்டி இருந்தால் நல்லது என்றார். நான் அசந்துபோனேன். அமாவாசையில் ஓதம் அதிகமாக ஏறி இறங்கும், பிள்ளைகளுக்கு அளந்து காட்ட வசதி. ஒரு கிராமத்துப் பள்ளியில் இவ்வளவு யோசித்துத் தேதி கேட்கும் அறிவியல் ஆசிரியை இருக்கிறாரே என்று மேடத்திடம் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கடலைப் பார்க்காதவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் பார்த்த கடலெல்லாம் வேண்டுதல் கடல்தான். டீச்சரின் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு வேளாங்கண்ணி, மற்றவர்களுக்கு ராமேஸ்வரமும் திருச்செந்தூரும். மொட்டை போடுவது, முங்குவது, ஈரத்துணியோடு பஸ் ஏறுவது. கடலுக்குப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனால் தெருவே கையில் ஏதாவது கொடுத்தனுப்பும். மஞ்சத்துணியில் முடிந்த காணிக்கைக் காசு, பிள்ளையின் முதல் முடி, நோய் கண்டவர் உடுத்திய துணி. போகிறவர் எந்த வேலையாகப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கடலுக்குப் போகிறார், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. என் அம்மாவே எனக்கு வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று ஒரு முடிச்சைக் கொடுத்துக் கடலில் போடச் சொன்னவள்தான். ஆனாலும் கல்விச் சுற்றுலா என்று கொட்டை எழுத்தில் பேனர் கட்டிய வண்டியில் அதெல்லாம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வண்டி மத்தியானத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது. பிள்ளைகள் இறங்கிய உடனே வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். உள்ளே செருப்போடு வரலாம் என்று சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள், கழற்றியதை மாட்டவில்லை. நங்கூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். திமிங்கல எலும்புக்கு முன்னால் ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்து ரெஜினா மேடம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரிப்பதற்குத்தான்.

எல்லோரும் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தபோது ஒரு பெண் மட்டும் வெளியே நின்றாள். கௌமாரி என்று பெயர். ஏழாம் வகுப்பு, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, கையில் ஒரு ஒயர் கூடை. கூடையைத் தரையில் வைக்காமல் இடுப்போடு அணைத்திருந்தாள். முற்றத்துப் பூவரச மரத்தைச் சுற்றி வந்து, எட்டுகிற கிளையாகப் பார்த்துக் கூடையை மாட்டிவிட்டு, அசைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். எலி தொடாமல் இருக்கச் சாப்பாட்டை மாட்டுகிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மோப்பப் பெட்டியில் எங்கள் பிள்ளைகள் தார்க் கயிற்றை முகர்ந்து, ரோடு போடுற வாசம் என்றார்கள். கருவாட்டுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஏலக்காய்க்கு வந்ததும் ஒரே கொண்டாட்டம். பாதிப் பேருக்கு அது அம்மாவின் முந்தானை வாசம். கௌமாரியின் அம்மாவும் தோட்ட வேலைக்குத்தான் போகிறாள் என்று டீச்சர் சொன்னார். சுவரில் ஒரு பெரிய வரைபடம் உண்டு. மலையாளத்து மலையிலிருந்து பொதிமாடுகள் இறங்கிய பாதையை நூல் கட்டிக் காட்ட வேண்டும். குமுளியில் ஆணி அடித்துக் கம்பத்துக்கு நூலை இழுத்தபோது, நம்ம ஊரு கப்பல் படத்துல இருக்குடா என்று கைதட்டினார்கள். என் வேலைக்காக நான் நெஞ்சு நிமிர்த்திய நாட்கள் குறைவு. அது ஒன்று.

சாயங்காலம் துறையில் ஓதப் பாடம். படிக்கட்டுக்கு மேலே கம்பித் தடுப்பு, அதை ஒட்டி எல்லோரையும் நிற்க வைத்தோம். எங்கள் கடலில் ஓதம் பெரிதாக ஏறாது, முழங்காலளவு ஏறி இறங்கினாலே அதிகம். கல்லில் நட்ட அளவுக் கம்பில் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆளுக்கொரு தக்கையைத் தண்ணீரில் எறிந்து அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். அப்போது நீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். எறிந்த தக்கையெல்லாம் கொஞ்சம் ஆடிவிட்டுக் கரைப்பக்கமே திரும்பி வந்து கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. மற்ற பிள்ளைகள் யார் தக்கை முதலில் வந்தது என்று சண்டை போட, கௌமாரியின் முகம் சுருங்கிவிட்டது. எல்லாமே திரும்பி வந்திருமா சார் என்று கேட்டாள்.

நீர் ஏறும்போது வரும், இறங்கும்போது போகும் என்றேன். எப்போது இறங்கும் என்றாள். அமாவாசைக்குக் கூடுதல் தூரம் போகுமா என்றாள். போனது அடுத்த ஏற்றத்தில் திரும்பி வந்துவிடுமா, நடுவில் பாறை இருக்கிறதா, வளைவில் சுற்றிக்கொண்டு நிற்குமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் தரையில் சாக்பீஸால் சந்திரனைப் போட்டேன், சூரியனைப் போட்டேன், நீரோட்டத்துக்கு அம்புக்குறி போட்டேன். இந்த வேலைக்கு வந்து இப்படி ஒரு மாணவியைப் பார்த்ததில்லை. இறங்கும் ஓதத்தோடு வெளியே போனால் துறைக்கு அப்பால் தெற்கே இழுக்கும் நீரோட்டம் பிடித்துக்கொள்ளும், பிறகு இந்தப் பக்கம் வராது என்றேன். நாளைக்குக் காலையில் சூரியன் வந்து கொஞ்ச நேரத்தில் நீர் இறங்க ஆரம்பிக்கும் என்றும் சொன்னேன். அவள் அளவுக் கம்பையே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். சிறந்த கேள்விக்கென்று ஒரு சங்கு பரிசாக வைத்திருந்தோம். அன்றைக்கே அதை அவளுக்குக் கொடுத்தேன். எதிர்காலக் கடல் விஞ்ஞானி என்று வேறு சொன்னேன். பிள்ளைகள் கைதட்டாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை அப்போது நான் கவனிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் லேசாகத் தூறல் விழுந்தது. மரத்தில் தொங்கும் கூடை நினைவுக்கு வந்தது. பாவம், பிள்ளையின் சாப்பாடு நனைந்துவிடுமே என்று போய்க் கிளையிலிருந்து எடுத்து, அவள் உட்கார்ந்திருந்த கூடத்தின் வாசலுக்குக் கொண்டுபோனேன். கௌமாரி எழுந்து ஓடிவந்து வாசற்படியில் என்னை மறித்து நின்றாள்.

"உள்ள கொண்டாராதீக சார். அப்பா இருக்காக."

கூடைக்குள் மஞ்சத்துணியால் வாய் கட்டிய சின்ன மண் கலயம் இருந்தது. நான் அதை எப்படிப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது. அவளே வாங்கி, தூறலிலேயே போய், மறுபடி கிளையில் மாட்டினாள். டீச்சர் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கொண்டுபோய் அதற்கு மேலே கட்டிவிட்டு வந்தார்.

பிறகு டீச்சர்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவளுடைய அப்பா வாழைத்தார் லாரியில் சுமை ஏற்றுபவர். சுமையோடு அந்தத் துறைமுக ஊருக்கு வந்து போவார். கப்பல் நம்ம தெருவைவிட நீளம் என்று மகளிடம் சொல்லி, ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றும் சொல்லியிருந்தார். மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனார். அஸ்தியில் பாதியைச் சுருளி ஆற்றில் கரைத்தார்கள். மீதியைக் கடலில் கரைப்பது என்று எடுத்து வைத்தார்கள். கொண்டுபோக வேண்டியவர் அவருடைய தம்பி. அவர் ஒவ்வொரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அஸ்தியை வீட்டுக்குள் வைப்பதில்லை, தரையில் வைப்பதில்லை. கொல்லையில் வேப்ப மரத்தில் கலயம் தொங்கிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் கடலுக்குப் போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே அவள் அம்மா தோட்டத்தில் பாதி வேலையோடு இறங்கி வந்து டீச்சரைப் பார்த்திருக்கிறாள். அமாவாசைத் தேதி அப்படி வந்ததுதான். என் ஓத விஞ்ஞானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வண்டியில் வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இது தெரியும். டிரைவருக்கும் தெரியும். வண்டிக்குக் கூரை இருக்கிறதே என்று டிரைவர் சந்தேகம் கிளப்பியபோது, ஓடுகிற வண்டிக்குத் தோஷமில்லை என்று பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்களாம். சாக்பீஸால் சந்திரனைப் போட்டுக் காட்டிய எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அவள் ஏன் அத்தனை கேள்வி கேட்டாள் என்பதை அவளிடமே கேட்டேன். சுருளியில் கரைத்த அன்று சித்தப்பா அவசரப்படுத்தி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவள் திரும்பிப் பார்த்தபோது, போட்ட பூவும் சாம்பலும் ஒரு பாறையின் இடுக்கில் சிக்கிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததாம்.

"அங்கன மாட்டிக்கிட்டாக சார். இங்கனயாச்சும் போயிறணும்ல."

நான் ரெஜினா மேடத்தின் அறைக்குப் போனேன். அவருடைய சட்டம் எனக்குத் தெரியும். படிக்கட்டில் இறங்காமல் கடலில் எதையும் கரைக்க முடியாது. காலையில் ஊர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம் என்றால் அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க நேரிடும், அதற்கு அவர் சம்மதிக்கவே மாட்டார். ஏதாவது ஆனால் இதோடு சரி என்று வேறு சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தத் திட்டம் போய்விடக் கூடாது. அந்தப் பிள்ளையைக் கலயத்தோடு திருப்பி அனுப்பவும் கூடாது. இரண்டையும் சேர்த்து எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பூவரச மரத்தைப் பார்த்தார். கிராம்பைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். சங்கு வாங்கினதே அந்தப் பிள்ளையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

"நாளைக்குக் காலைல ஒரு பாடம் கூடச் சேத்துக்கோங்க. நீர் எடுக்கிற பாடம். வாளிய எல்லாப் பிள்ளையும் எறக்கணும். படில யாரும் காலு வைக்கக் கூடாது."

நீர் எடுக்கும் வாளி என்று ஒன்று எங்களிடம் இருந்தது. கப்பலின் மேல்தளத்திலிருந்து கயிற்றில் இறக்கிக் கடல் நீரை மொண்டு, சூடும் உப்பும் பார்க்கும் பழைய காலத்து வாளி. அடியில் இன்னொரு மெல்லிய கயிறு கட்டியிருக்கும். அதை இழுத்தால் வாளி கவிழ்ந்து கொட்டும். எங்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே தூசி படிந்து கிடந்த சாமான் அது. மேடமே அதை எடுத்துக் கழுவி வைத்தார்.

காலையில் பிள்ளைகள் குளித்துத் தலை சீவித் துறையில் வரிசையாக நின்றார்கள். டிரைவர்கூடச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கடைசியில் நின்றார். அளவுக் கம்பில் நீர் முந்தைய நாள் கோட்டைத் தொட்டுவிட்டுத் தயங்கிக்கொண்டிருந்தது. பாடம் என்றால் பாடம்தான். முதலில் நின்றவன் வாளியை இறக்கினான், மேலே இழுத்தான், வெப்பமானியை வைத்துப் படித்தான். அடுத்தவள் இறக்கினாள். நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்து உப்பு உப்பு என்று முகம் சுளித்தார்கள். கௌமாரி வரிசையில் நிற்கவில்லை. கூடையை அணைத்துக்கொண்டு அளவுக் கம்பின் அருகே நின்று கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக்கோடு தெரிய ஆரம்பித்ததும் என் பக்கம் வந்து, ஒரு தக்கையைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

போட்டேன். தக்கை கல்லை ஒட்டியே கொஞ்ச நேரம் யோசித்தது. என் வாழ்நாளில் ஒரு தக்கைக்காக நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான். பிறகு மெல்லத் திரும்பி, துறையின் நுனியைத் தாண்டி, வெளியே போனது. தெற்குப் பக்கமாக வளைந்தது. அவள் அது கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரைக்கும் காத்திருந்தாள்.

அப்புறம்தான் மஞ்சத்துணியை அவிழ்த்தாள். கலயத்தை வாளிக்குள் கவிழ்த்து, டீச்சர் கொடுத்த அரளிப் பூவையும் போட்டாள். கயிற்றை அவளே பிடித்து இறக்கினாள். தடுப்புக் கம்பிக்கு மேலே அவள் குனிந்தபோது ரெஜினா மேடம் பின்னால் வந்து தன் இரண்டு கையாலும் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாளி தண்ணீரைத் தொட்டது. அடிக்கயிற்றை நான் இழுப்பதா என்று தயங்கினேன். அதையும் அவளே இழுத்தாள்.

"தண்ணி வெளிய போகுதுப்பா. இப்பப் போயிருங்க."

சாம்பல் கொஞ்சம் வெளுப்பாகப் பரவியது. பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லை விட்டு விலகின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார், டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். ரெஜினா மேடம் கௌமாரியை விடவேயில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பூக்களையா, அதற்கும் அப்பால் வேறெதையுமா, எனக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்து வரிசையில் அடுத்து நின்ற பிள்ளை, சார் இப்ப நான் எறக்கவா என்று மெதுவாகக் கேட்டான். இறக்கச் சொன்னேன். அவன் மொண்டு, சூடு பார்த்து, சத்தமாகப் படித்தான். பாடம் கடைசிப் பிள்ளை வரைக்கும் நடந்தது.

அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஒவ்வொரு பள்ளியாக வர ஆரம்பித்தது. தள்ளி இருக்கும் கடமலைக்குண்டிலிருந்துகூட வந்தார்கள். எல்லாப் பள்ளியும் அமாவாசையை ஒட்டித் தேதி கேட்டது. எல்லாக் குழுவிலும் ஓரிரண்டு பிள்ளைகளின் பையில் மஞ்சத்துணி முடிச்சு இருக்கும். முதல் முடி, காணிக்கைக் காசு, ஒரு தடவை யாருடைய பாட்டியோ போட்டிருந்த மூக்குத்தி. எந்த ஊரிலும் இதைக் கல்விச் சுற்றுலா என்று சொல்லவில்லை, மிசியம் கடல் என்றுதான் சொன்னார்கள். நீர் எடுக்கும் பாடம் நிகழ்ச்சி நிரலில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. பையில் என்ன இருக்கிறது என்று ரெஜினா மேடம் ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை. ஆனால் வாளி இறங்குகிற நேரத்தில் எங்கே இருந்தாலும் வந்து பின்னால் நின்று பிடித்துக்கொள்வார்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். கொஞ்ச நாளில் நானும் வீட்டுச் சூழ்நிலையால் உத்தமபாளையம் திரும்பி, கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்கவைப்பது நின்றுபோனதாகக் கேள்விப்பட்டேன். போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே போனேன். நல்ல குளிர்சாதனம். சுவரில் உப்புப் பூக்கவில்லை. மோப்பப் பெட்டிகளைக் காணோம், அந்த இடத்தில் பெரிய திரை. ஒரு பொத்தானை அழுத்தினால் கடல் ஏறுகிறது, இன்னொன்றை அழுத்தினால் இறங்குகிறது. என் மகன் மாற்றி மாற்றி அழுத்திவிட்டு வேறு திரைக்குப் போய்விட்டான். நான் பின்கதவைத் திறந்து துறைக்குப் போகலாம் என்று பார்த்தால் துறை இல்லை. மண்ணடித்துத் தூர்த்து, சிமெண்ட் கல் பதித்து, கார் நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். கடல் எங்கோ தள்ளி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் போட்டது. பூவரச மரமும் இல்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் கார் நின்ற இடத்துக்கு அடியில்தான் அந்தப் படிக்கட்டு இருக்க வேண்டும்.

கௌமாரி இப்போது எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். என் அம்மாவுக்கு ஊசி போடக் கூட்டிப்போகும்போது பார்ப்பேன், நலம் விசாரிப்பாள். இந்த விஷயத்தை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் ஒரு வாரம் இழுபறி. கடைசியில் சொல்லிவிட்டேன். நம்ம துறையைத் தூர்த்துவிட்டார்கள் கௌமாரி, அதற்கு மேலே கார் நிற்கிறது என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் என் அம்மாவின் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கு ஏன் சார் கலங்குறீக? அப்பா அங்கனயா இருக்காக? அன்னைக்கே போயிட்டாகல்ல."

சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவளுக்கு அந்தத் துறை போக வேண்டியவரை வழியனுப்பிய இடம், அந்தக் காலையோடு அதன் வேலை முடிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.